நிறம் போனால் உப்பும் போய்விடுமா? ஆர்.ஓ. ரிஜெக்ட் தண்ணீரை நம் வாய்க்காலில் விடும் திட்டத்தை ஒன்றுபட்டு முறியடிப்போம்!



சாயத்தண்ணியைப் பற்றி நாங்கள் நோட்டீஸ் போடுவது இது முதல் தடவை அல்ல. நொய்யல் கரையில் பண்ணையம் செய்கிற எவனுக்கும் சாயத்தண்ணியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் இந்தத் தடவை சாயம் நிறம் மாறி வருகிறது. நிறமே இல்லாமல் வருகிறது. அதனால்தான் இந்த நோட்டீஸைக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் கடைசி வரைக்கும் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

விஷயம் இதுதான். நம் பகுதிக்கு மேற்கே இருக்கிற ஒரு சாயப்பட்டறைப் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் ஆட்கள் ஊர் ஊராக வந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். டீக்கடையில், பால் சொசைட்டியில், கோயில் திண்ணையில் என்று ஒரு இடம் விடவில்லை. "ஆர்.ஓ. மெஷினில் மிஞ்சுகிற ரிஜெக்ட் தண்ணியை இத்தனை நாளா கொதிக்க வெச்சு வத்தடிச்சோம். இனி அது தேவையில்லீங்க. புது முறை வந்திருக்கு. முதலில் ரசாயன ஆக்சிஜனேற்றம், அப்புறம் நுண்ணுயிர் முறை. ரெண்டும் பண்ணி சுத்தமாக்கி உங்க வாய்க்காலுக்கே விட்டுடறோம். தென்னைக்குப் பாயட்டும், சோளத்தட்டுக்குப் பாயட்டும், காசே வேண்டாம்" என்று சொல்கிறார்கள்.

சொல்வதோடு நிற்கவில்லை. இரண்டு பாட்டில் கொண்டுவருகிறார்கள். ஒன்றில் கறுப்புக் காப்பி மாதிரி தண்ணீர். இன்னொன்றில் இளநீர் மாதிரி தெளிந்த தண்ணீர். "பார்த்துக்குங்க, எது ரிஜெக்ட், எது எங்க தண்ணி" என்று ஆட்டிக் காட்டுகிறார்கள். பார்க்கிறவர்களும் அட என்று வாயைப் பிளக்கிறார்கள்.

ஆட்டிக் காட்டுகிறார்களே, அந்தத் தெளிந்த பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க யாரையாவது விட்டார்களா? இல்லை! ஏன்?

ரிஜெக்ட் தண்ணி என்றால் என்ன?

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுவது எப்படி என்று நம் வீட்டுப் பிள்ளைகளையே கேளுங்கள். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் நம் பிள்ளைகள்தானே. சாயம் நூலில் ஒட்ட வேண்டும் என்றால் உப்புப் போட வேண்டும். சாயத் தொட்டியில் லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராம் வரை போடுகிறார்கள். அடர்ந்த நிறமாக இருந்தால் அதிகம். போட்ட சாயத்தில் ஒரு பங்கு நூலில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். போட்ட உப்போ ஒரு கிராம் கூட நூலில் தங்காது. அதன் வேலை சாயத்தைத் தள்ளிவிடுவது மட்டும்தான். துணி கப்பல் ஏறி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. உப்பு போகவில்லை. உப்பு இங்கேதான் இருக்கிறது. நம் கிணற்றில் இருக்கிறது, நம் காட்டில் இருக்கிறது.

இந்தக் கழிவைச் சவ்வு வழியாக அழுத்தித் தள்ளுவதுதான் ஆர்.ஓ. நல்ல தண்ணீர் சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் போகும். அதைப் பட்டறை மறுபடியும் எடுத்துக்கொள்கிறது. உப்பும் சாயமும் தாண்ட முடியாமல் இந்தப் பக்கமே தங்கும். பாலைச் சுண்டக் காய்ச்சினால் சர்க்கரை எங்கே போகும்? அடியில் நிற்கிற பாலில்தான் இருக்கும். அளவு குறையக் குறைய இனிப்பு ஏறும். ரிஜெக்ட் என்பது அப்படிச் சுண்டிய சாயத்தண்ணி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வட்டிக் கணக்கு போடத் தெரிந்த நமக்கு இது பெரிய கணக்கு இல்லை.

ஒரு நிலையத்துக்கு நாளைக்கு 10 லட்சம் லிட்டர் கழிவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் லிட்டருக்கு 6 கிராம் உப்பு. அதாவது டி.டி.எஸ். 6,000. சாயக் கழிவில் இது சாதாரணம். அப்படியானால் நாளொன்றுக்கு வருகிற உப்பு 6 டன். ஆர்.ஓ. இதில் 100-க்கு 85 பங்கைத் தண்ணீராக மீட்டால் மிஞ்சுவது ஒன்றரை லட்சம் லிட்டர் ரிஜெக்ட். அந்த 6 டன் உப்பும் இந்த ஒன்றரை லட்சம் லிட்டருக்குள்தான் இருக்க வேண்டும். லிட்டருக்கு 40 கிராம். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம்தான் இருக்கிறது!

கடலை விட உப்பான தண்ணீரைத்தான் தென்னைக்குப் பாய்ச்சுங்கள் என்கிறார்கள். நிறத்தை மட்டும் எடுத்துவிட்டு!

ஆக்சிஜனேற்றம் செய்கிற வேலை எது, செய்யாத வேலை எது?

இந்த முறையே பித்தலாட்டம் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நாளைக்கு ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து நம்மை முட்டாளாக்கிவிடுவார்கள். உள்ளபடியே சொல்வோம்.

ரிஜெக்டில் நிறமும் வாடையும் கொடுப்பது சாயத்தின் மிச்சம், பசை, சோப்பு, எண்ணெய் போன்ற கரிமப் பொருள்கள். சாயம் என்பதே வெயிலுக்கும் துவைக்கும் கல்லுக்கும் தாங்க வேண்டும் என்று உருவாக்கியது. நுண்ணுயிர் அதைக் கடித்துத் தின்னச் சிரமப்படும். எனவே முதலில் ரசாயனம் கொண்டு உடைக்கிறார்கள். ஒரு வழி ஓசோன் வாயுவைச் செலுத்துவது. இன்னொரு வழி ஃபென்டன் முறை. 1894-ல் ஃபென்டன் என்ற வேதியியல் அறிஞர் எழுதிவைத்த வினை அது. அதில் போடுகிற சரக்கு நமக்குத் தெரியாதது அல்ல. ஒன்று அன்னபேதி. நிலக்கடலை வெளுத்தால் தெளிக்கிறோமே, அதே அன்னபேதி உப்பு. இன்னொன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆஸ்பத்திரியில் புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அது. கந்தக அமிலம் ஊற்றித் தண்ணீரைப் புளிப்பாக்கி, இந்த இரண்டையும் சேர்த்தால் சாயத்தின் மூலக்கூறு துண்டு துண்டாக உடையும். நிறம் போகும். உடைந்த துண்டை நுண்ணுயிர் தின்னும். சி.ஓ.டி. என்கிற அளவு குறையும். இதெல்லாம் உண்மை.

ஆனால் உப்பு? சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் உடைவதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஓசோன் விட்டாலும் பெராக்சைடு விட்டாலும் உப்பு உப்பாகவே நிற்கும். நுண்ணுயிர் உப்பைத் தின்னுமா? தின்னாது. 6 டன் உள்ளே போனால் 6 டன் வெளியே வரும்.

வெளியே வருவது 6 டன்னுக்கு மேலேயே இருக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை. அன்னபேதி போட்டாயிற்று, அமிலம் ஊற்றியாயிற்று. புளித்த தண்ணீரை அப்படியே விட முடியாதே, காஸ்டிக் சோடாவோ சுண்ணாம்போ போட்டுச் சமன் செய்ய வேண்டும். அமிலமும் காரமும் சேர்ந்தால் கிடைப்பது என்ன? பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பையனைக் கேளுங்கள். உப்பு! சுத்தம் செய்கிறேன் என்று உப்புத் தண்ணீரில் உப்பைக் கூட்டுகிற வித்தை இது. அடியில் துருச் சகதி வேறு தங்கும். அது அபாயக் கழிவு. அதை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால் பாட்டில் ஆட்டுகிறவர்கள் வாய் திறப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்பு இவ்வளவு ஏறிய தண்ணீரில் இந்த ஆக்சிஜனேற்றமே ஒழுங்காக நடக்காது. சாயத்தை உடைக்க வேண்டிய வேகத்தைக் குளோரைடு பாதி வழியிலேயே பிடித்துத் தின்றுவிடும். அதனால் மருந்து அதிகம் ஆகும். சில நேரம் குளோரின் சாயத் துண்டோடு ஒட்டிக்கொண்டு, முதலில் இருந்ததை விடக் கெட்ட பொருளாக மாறும். அது நிறம் காட்டாது, வாடை காட்டாது. பாட்டிலில் தெரியவே தெரியாது.

சி.ஓ.டி. ரிப்போர்ட்டைக் காட்டினால் அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தப் பரிசோதனையிலேயே குளோரைடு குறுக்கே வந்து கணக்கைக் கெடுக்கும். லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் வழக்கமான முறையில் எடுத்த எண்ணை நம்ப முடியாது. ரிஜெக்டில் குளோரைடு எவ்வளவு, எந்த முறையில் சோதித்தீர்கள், எந்த லேப்? இந்த மூன்றையும் கேளுங்கள்.

ஊறுகாயில் ஏன் புழு வருவதில்லை?

அடுத்தது நுண்ணுயிர் முறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஜீவாமிர்தம் கரைக்கிறவர்களுக்கு நுண்ணுயிர் என்றாலே ஒரு பாசம். அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "ரசாயனமே இல்லீங்க, கிருமிதானே தின்னுது" என்கிறார்கள்.

ஊறுகாயில் ஏன் உப்பு அள்ளிப் போடுகிறோம்? கருவாட்டுக்கு ஏன் உப்புத் தடவிக் காயவைக்கிறோம்? கிருமி பிழைக்கக் கூடாது என்றுதான். லிட்டருக்கு 40 கிராம் உப்பில் சாதாரண நுண்ணுயிர் சுருண்டு செத்துப்போகும். உப்பைத் தாங்குகிற நுண்ணுயிர் வகை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மெல்ல மெல்லப் பழக்கினால் வேலை செய்யும். ஆனால் அதற்கு ஒரே சீரான தண்ணீர் வேண்டும். பட்டறையில் இன்றைக்கு வெள்ளை, நாளைக்கு கறுப்பு, அடுத்த நாள் லீவு. உப்பு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். கரண்ட் போனால் காற்று ஊதுகிற மெஷின் நிற்கும். நாலு நாள் இப்படி ஆனால் தொட்டியில் வளர்த்த அத்தனை நுண்ணுயிரும் மிதந்து நாறும். மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் வருகிற தண்ணீர் எங்கே போகும்? ராத்திரி வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஆற்றங்கரையில் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். மழை பெய்கிற அன்றைக்குப் பார்த்து ஆறு நுரைத்துக்கொண்டு வருவது இந்தப் பகுதியில் புதுசா?

நாம் இதை முன்பே பார்த்துவிட்டோம்!

இளைஞர்களுக்காக இதை எழுதுகிறோம். பெரியவர்களுக்கு மறந்திருக்காது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நான்கு மாவட்டம் நனைத்துக் காவிரியில் கலக்கிற ஆறு நொய்யல். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் பதினாறு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாயும் என்றார்கள். பாய்ந்தது என்ன? சாயத்தண்ணி! உலகத்தில் எந்த ஊரிலாவது, "ஐயா, அணையைத் திறந்துவிடாதீர்கள், எங்களுக்குத் தண்ணீர் வேண்டாம்" என்று விவசாயி கெஞ்சியது உண்டா? நம் ஊரில் உண்டு. மஞ்சள் போட்ட காட்டில் சீமைக்கருவேலம் முளைத்தது. தென்னையில் குரும்பை கொட்டியது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அப்போதும் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்! சுண்ணாம்பும் அன்னபேதியும் போட்டுச் சாயத்தை அடியில் படியவைத்து, "சுத்திகரித்துவிட்டோம்" என்று சொல்லித்தான் விட்டார்கள். அப்போதும் நிறம் குறைந்தது, உப்பு குறையவில்லை. இன்றைக்கு அதே அன்னபேதியோடு பெராக்சைடு சேர்த்துக்கொண்டு புது முறை என்று வருகிறார்கள்.

கரூர் பக்கத்து வாய்க்கால் பாசன விவசாயிகள் 1996-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் 2003-ல் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது, அதுவரை லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதம் கட்டு என்றது நீதிமன்றம். பட்டறை முதலாளிகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மூன்று மாதம் கெடு வைத்து, கழிவே வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்றது. எட்டவில்லை. 2011 ஜனவரி 28-ம் தேதி, அந்த நிலையை எட்டும் வரை சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடின. அதற்குப் பிறகுதான் எவாப்பரேட்டர் ஓட ஆரம்பித்தது. அரசே 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நம் வரிப்பணம்!

நமக்கு என்ன கொடுத்தார்கள்? சூழல் இழப்பீட்டு ஆணையம் 2004-ல் கணக்கெடுத்து, 68 கிராமங்களில் 28 ஆயிரத்துச் சொச்சம் விவசாயிகளுக்கு 24 கோடியே 79 லட்சம் என்று தீர்மானித்தது. தலைக்கு வகுத்துப் பாருங்கள். ஒன்பதாயிரம் ரூபாய் கூட வராது. ஒரு கறவை மாட்டின் கால் விலை கூட ஆகாது. கெட்டுப்போன மண்ணுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

இத்தனை வருஷம் கோர்ட்டு வாசலில் நின்று வாங்கியது ஒரே ஒரு விஷயம்தான். கழிவு வெளியே வரக் கூடாது, ஒரு சொட்டு கூட வரக் கூடாது என்பது. அதை, "சுத்தம் செய்த ரிஜெக்ட்" என்று ஒரு பெயர் வைத்துப் பின் வாசல் வழியாகக் கழற்றப் பார்க்கிறார்கள்.

"நல்ல தண்ணி கலந்து விடறோம்" என்கிறார்களே?

சிலர் இப்படியும் சமாதானம் சொல்கிறார்களாம். கலக்கட்டும், பார்ப்போம். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சம் லிட்டர் ரிஜெக்டை, ஆற்றில் விடுவதற்கான 2,100 டி.டி.எஸ். அளவுக்குக் கொண்டுவர, டி.டி.எஸ். 500 உள்ள நல்ல தண்ணீர் சுமார் 35 லட்சம் லிட்டர் வேண்டும். தினமும்! குடிக்கத் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கிற ஊரில் அந்த 35 லட்சம் லிட்டர் எங்கிருந்து வரும்? நம் போரிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். கலந்தாலும் அந்த 6 டன் உப்பு எங்கேயும் ஓடிப்போகாது. கூடுதல் தண்ணீரோடு கூடுதல் தூரம் போகும், அவ்வளவுதான்.

சரி, சட்ட அளவான 2,100 என்றே வைத்துக்கொள்வோம். நம் காட்டுக்கு அது என்ன செய்யும்? ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் நிற்கிற மாதிரி ஒரு தண்ணி கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அதில் 420 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டையில் எட்டு மூட்டைக்கு மேல். உங்கள் காட்டில் யாராவது வந்து, ஒவ்வொரு தண்ணிக்கும் எட்டு மூட்டை உப்பைக் கொட்டிவிட்டுப் போனால் விடுவீர்களா? தடி எடுக்க மாட்டீர்களா? இதே வேலையைத்தான் வாய்க்கால் வழியாகச் செய்யப் போகிறார்கள், நம் கையாலேயே மடை திறக்கவைத்து!

2,000-க்கு மேல் டி.டி.எஸ். இருந்தால் பாசனத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு தேவை என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. வாழையும் பயறு வகையும் அதற்கு முன்பே வாடிவிடும். தென்னை கொஞ்சம் தாங்கும். தாங்குகிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது மண்ணில் வேறொன்று நடக்கும். சோடியம் களியோடு போய் ஒட்டிக்கொண்டு மண்ணின் கட்டைக் குலைத்துவிடும். ஈரத்தில் சேறு, காய்ந்தால் சிமெண்டுத் தளம். மேலே விட்ட தண்ணீர் கீழே இறங்காது. வேருக்குக் காற்றும் போகாது. ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் விட்டு அலசினால் சரியாகும் என்று வேளாண்மைத் துறையில் சொல்வார்கள். சரிதான். அலசுவதற்கு அந்த நல்ல தண்ணீரை யார் தருவார்? நம்முடையது மழைமறைவுப் பூமி. வானம் பெய்து கழுவிவிடும் என்று நம்பவும் வழியில்லை.

மேலே கொரங்காட்டில் கொளுக்கட்டைப் புல் மேய்கிற காங்கேயம் மாடு எந்தத் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது? அதே கிணற்றுத் தண்ணீர்தான். வாய்க்காலில் விட்டது பத்து வருஷத்தில் கிணற்றுக்கு வரும். கிணற்றுக்கு வந்த உப்பை இறைத்துத் தீர்த்தவன் எவனும் இல்லை.

செலவு ஆகிறதே என்கிறார்கள்

ஆகத்தான் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ரிஜெக்டை வற்றவைக்க விறகும் கரண்டும் நிறையச் செலவாகிறது. ஒரு கொதிகலனின் ஆவியை அடுத்ததுக்குத் திருப்பிச் சிக்கனம் செய்தாலும் செலவு செலவுதான். வற்றவைத்த பிறகு வருகிற கலப்பு உப்பை வாங்க ஆள் இல்லாமல், மூட்டை மூட்டையாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். இந்தக் கஷ்டம் நமக்கும் தெரியும். சின்னப் பட்டறைக்காரர் பலர் நம் சொந்தக்காரர்களே. அவர்கள் மூட வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. 2011-ல் பட்டறை மூடியபோது வேலை போனது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும்தான்.

ஆனால் செலவு ஆகிறது என்பதற்காக அந்தச் செலவை நம் தலையில் கட்டுவதா? எவாப்பரேட்டர் நின்றால் மிச்சமாகிற பணம் எங்கிருந்து வருகிறது? நம் மண்ணிலிருந்து வருகிறது. உப்பை வற்றவைக்கும் வேலையை இனி நம் காடு செய்யும். வெயில் காய்ந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணில் தங்கும். நம் நிலமே அவர்களுக்கு இலவச எவாப்பரேட்டர்! இதைத்தான் "இலவசத் தண்ணீர்" என்று நம்மிடமே விற்கிறார்கள். மாசு செய்தவனே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்று 1996-லேயே வேலூர் தோல் பட்டறை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அதையும் நாங்களே சொல்கிறோம். இந்த ஆக்சிஜனேற்றத்தையும் நுண்ணுயிர் முறையையும் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் எவாப்பரேட்டருக்குப் பதிலாக அல்ல, அதற்கு முன்னால் செய்யுங்கள். நிறமும் கரிமமும் போன ரிஜெக்ட் குழாயில் குறைவாகப் படியும், நுரை குறைவாகத் தள்ளும். வருகிற உப்பும் வெள்ளையாக வரும். வெள்ளையாக வந்தால் அதையே மறுபடி சாயத் தொட்டியில் போடலாம். கறி உப்புக்குப் பதில் சோடியம் சல்பேட் பயன்படுத்தி, அந்த உப்புக் கரைசலை மீட்டு மறுபடி சாயம் ஏற்றுகிற முறையைத் திருப்பூர் அருள்புரத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். மீட்டால் உப்பு வாங்குகிற காசும் மிச்சம், வற்றவைக்கிற தண்ணீரும் குறைவு. நல்ல கருவிதான் இது. வாய்க்காலில் விடுவதற்கு அனுமதிச் சீட்டாக அதைக் காட்டாதே என்பதுதான் நம் சண்டை.

நாம் கேட்பது என்ன?

ஆர்.ஓ. ரிஜெக்ட் எந்த முறையில் சுத்தம் செய்யப்பட்டாலும் சரி, அதை வாய்க்காலிலோ, ஓடையிலோ, பள்ளத்திலோ, மரம் வளர்க்கிற தோப்பிலோ விட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதி தரக் கூடாது. எவாப்பரேட்டரை ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் அது கணக்கில் வர வேண்டும். 2014-லிருந்து நிலையங்களில் இருபத்துநான்கு மணி நேரக் கண்காணிப்புக் கருவி வைக்கச் சொல்லியிருக்கிறார்களே, அந்த எண்களை ஊராட்சி அலுவலகப் பலகையில் வாரா வாரம் எழுதிப் போட வேண்டும். சி.ஓ.டி. மட்டும் போதாது, டி.டி.எஸ்., குளோரைடு, சோடியம் எல்லாம் வேண்டும். உள்ளே போன உப்பு எத்தனை டன், மூட்டையாக வெளியே வந்த உப்பு எத்தனை டன் என்று மாதக் கணக்கு காட்ட வேண்டும். இந்த ஒரு கணக்கு போதும், திருட்டு தெரிந்துவிடும். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் நம் கிணற்றுக்கு வந்த உப்பு. வாய்க்காலையும் இருபுறத்துக் கிணறுகளையும் அரசு செலவில் வேளாண்மைத் துறை ஆய்வகம் வருஷத்துக்கு இரண்டு தடவை சோதித்து, ஒவ்வொரு விவசாயிக்கும் தாளாகக் கொடுக்க வேண்டும்.

அதுவரை, பாட்டில் எடுத்து வருகிறவர்கள் நீட்டுகிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்! "சம்மதக் கடிதம்", "பயனாளி பட்டியல்", "தண்ணீர் தேவைப் படிவம்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் போடாதீர்கள். கைநாட்டும் வேண்டாம். ஒருவர் போட்ட கையெழுத்தைக் காட்டி, வாய்க்கால் முழுக்கச் சம்மதித்தது என்று நாளைக்குச் சொல்வார்கள்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்தால் பெரிய காசு இல்லை. ஒரு நோட்டுப் போட்டு, வாரம் ஒரு நாள் கிணறு, போர், வாய்க்கால் மூன்றிலும் பார்த்துத் தேதியோடு எழுதிவையுங்கள். எழுத்து நன்றாக இருக்கிற பெண்பிள்ளைகளிடம் கொடுத்தால் விடாமல் எழுதுவார்கள். நாம்தான் இரண்டு வாரத்தில் மறந்துபோவோம். 2003-லும் 2006-லும் நீதிமன்றத்தில் பேசியது கோஷம் அல்ல, எண்கள்தான்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் எல்லா ஊராட்சியிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். "ஆர்.ஓ. ரிஜெக்ட் நீரை எந்த வடிவிலும் எங்கள் ஊராட்சி எல்லைக்குள் விட இந்தக் கிராம சபை சம்மதிக்கவில்லை" என்று ஒரே வரி போதும். தலைவர் நேரம் இல்லை என்பார், பொருள் பட்டியலில் இல்லை என்பார். எழுந்து நின்று கேளுங்கள். பெண்கள் முன் வரிசையில் உட்காருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத் தாளில் போடாதீர்கள். நகல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

அந்த நகலோடும், மீட்டர் நோட்டோடும், அவரவர் கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டிலோடும் அந்த மாதத்து விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசில் திரளுவோம். பாட்டிலில் ஊர், சர்வே எண், எடுத்த தேதி எழுதி ஒட்டிக்கொண்டு வாருங்கள். மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் யாரும் திரும்ப வேண்டாம். பஸ் ஏற்பாடு பற்றி அந்தந்த ஊர்க் கிளையில் கேட்டுக்கொள்ளவும். சாப்பாடு கட்டிக்கொண்டு வரவும்.

இப்படிக்கு,
விவசாயிகள் சங்கம்,
நொய்யல் பாசனப் பகுதி